ஆற்றங்கரையில் ஒரு கோடை விழா: மருதங்கன்றுகளுக்குக் காசு சேர்க்க யோசனை சொல்லுங்கள்

மருதடியான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. எங்கள் ஊர் வன்னியில், கனகராயன் ஆற்றங்கரையில், ஆறு இரணைமடுக் குளத்தில் போய் விழுவதற்கு முன்னால் ஒரு வளைவு எடுக்கிற இடத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயர் இப்போதைக்கு வேண்டாம், விஷயம் உறுதியானதும் சொல்கிறேன்.

நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்த வளைவில் கரை முழுக்க மருதமரம். காண்டாவன வெயிலிலும் அதற்குக் கீழே போய் நின்றால் உடம்பு குளிரும். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோதும் பெரிய மரங்கள் அப்படியே நின்றன. இப்போது எண்ணினால் ஒன்பது. 2018 மார்கழி வெள்ளத்தில் மட்டும் மூன்று மரம் வேரோடு சாய்ந்தது. வெள்ளம் எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் மணலுக்காகக் கரையைக் குடைந்து குடைந்து வைத்திருந்தபடியால் வேர் பிடிப்பதற்கு மண்ணே இருக்கவில்லை. சாய்ந்த மரத்தின் வேரைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஊர்ப் பக்க வேரில் மண் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. ஆற்றுப் பக்க வேர் கழுவி விட்டது போல வெறுமையாக, காய்ந்து, நரைத்துக் கிடந்தது. வெள்ளம் வருவதற்கு எத்தனையோ மாதத்துக்கு முன்பே அந்த மரம் பாதி அந்தரத்தில்தான் நின்றிருக்கிறது.

போன மாதம் ஊர்ப் பெடியன்கள், பெட்டைகள் பதினாலு பேர் சேர்ந்து கரையைத் துப்புரவாக்கினோம். பதினொரு உரப்பை நிறையக் குப்பை. யோகட் கப், சோடாப் போத்தல், அதைவிட வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்தான் கூட, மூடி இல்லாமல் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. அன்றைக்குத்தான் இந்த யோசனை வந்தது. ஆவணியில் பாடசாலை விடுமுறைக்குள் ஆற்றங்கரையில் ஒரு நாள் விழா வைத்து, விளையாட்டு, சாப்பாடு, பின்னேரம் இசைக்குழு என்று செய்து, சேருகிற காசில் வளைவு முழுக்க மருதங்கன்று நடலாம் என்று. எல்லோரும் சம்பளம் இல்லாமல் நிற்கிற ஆட்கள்தான். காசு கையாண்ட அனுபவம் ஒருவருக்கும் இல்லை.

இப்படி எங்கேயாவது செய்த ஆட்கள் இருந்தால் சொல்லுங்கள். எந்த மாதம் நல்லது, எங்கே அனுமதி எடுக்க வேண்டும், எப்படிக் காசு சேர்ப்பது, அப்புறம் முக்கியமாக, ஆற்றைக் காப்பாற்ற என்று விழா வைத்து நாங்களே ஆற்றை நாறடிக்காமல் இருப்பது எப்படி?

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் எண்ணத்துக்கு முதலில் என் வாழ்த்து. நான் முத்தையன்கட்டுப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் படிப்பித்தவன், பிள்ளைகளோடு சேர்ந்து மரம் நட்டு வெற்றியும் கண்டேன், தோல்வியும் கண்டேன். தோல்வியைத்தான் சொல்ல வேண்டும், அதில்தான் உங்களுக்குப் பிரயோசனம் இருக்கிறது.

ஒருமுறை வாய்க்கால் கரையில் இருநூறு கன்று நட்டோம். கன்று இலவசமாகக் கிடைத்தது, நடுவதற்குப் பிள்ளைகள் போட்டி போட்டார்கள், படம் எடுத்தோம், தேத்தண்ணி குடித்தோம். முதல் மாரி முழுக்கக் கன்று பச்சையாக நின்றது. தையில் மழை விட்டது. பங்குனியில் பாதி கருகியது. மிச்சத்தை ஆடு மாடு பார்த்துக்கொண்டது. இரண்டாம் வருடம் ஆவணியில் போய் எண்ணினேன், முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றும் எப்படித் தப்பியது என்றால், பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் தன் தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீரில் தினமும் ஒரு வாளி அள்ளி ஊற்றியிருக்கிறார், அந்த ஆச்சியின் வேலிக்கு நேரே நின்ற கன்றுகள் மட்டும்தான் அவை.

அதனால் விழாக் காசு கன்று வாங்குவதற்கு என்று நினைக்காதீர்கள். கன்று மலிவு. மருதங்காய் உங்கள் ஒன்பது மரத்துக்குக் கீழேயே உதிர்ந்து கிடக்கும், ஐந்து செட்டையோடு இருக்கும், பொறுக்கி நான்கு நாள் தண்ணீரில் ஊற விட்டுப் பையில் போட்டால் முளைக்கும். எல்லாம் முளைக்காது, ஆகவே தேவைக்கு மூன்று மடங்கு போடுங்கள். காசு வேண்டியது வேறு மூன்றுக்கு: கன்றைச் சுற்றி அடைப்பு, கோடையில் தண்ணீர், அதைப் பார்க்க ஒரு ஆள். மூன்று கோடை தாண்டினால் வேர் ஆற்று ஈரத்தைப் பிடித்துவிடும், அதற்குப் பிறகு மரம் தன்னைத் தானே பார்க்கும். மூன்று கோடைக்கும் காசு இல்லை என்றால் குறைவாக நடுங்கள். நூறு நட்டுத் தொண்ணூறைக் காப்பாற்றுகிறவன்தான் மரம் நட்டவன்.

நடுகிற காலம் ஐப்பசி கடைசி, கார்த்திகை. வடக்கு மாகாணத்தில் கார்த்திகையைத்தான் மரநடுகை மாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள், அது எங்கள் மாரிக்குப் பொருந்தித்தான் வைத்தது. விழா கோடையில், நடுகை மாரியில். இடையில் வருகிற மாதங்களில் பிள்ளைகள் நாற்றுப் பையைப் பார்க்கட்டும். தனி மருது மட்டும் வேண்டாம், இலுப்பை, நாவல், புங்கு எல்லாம் கலந்து நடுங்கள். இலுப்பை நின்றால் வௌவால் வரும், வௌவால் வந்தால் நீங்கள் நடாத மரமும் முளைக்கும்.

அருவியாற்றுக்காரன் எழுதியது:

நான் மன்னார்ப் பக்கம், தேக்கம் அணைக்கட்டுக்குக் கிட்ட. அருவியாறு இலங்கையில் இரண்டாவது நீளமான ஆறு, 164 கிலோமீற்றர், மேலே மல்வத்து ஓயா என்று பெயர், அநுராதபுரத்தைத் தாண்டி எங்களிடம் வருகிறது. அவ்வளவு பெரிய ஆறே கோடை முற்றினால் மணலும் மடுவுமாகத்தான் கிடக்கும். உங்கள் கனகராயன் ஆறு இன்னும் சின்னது. ஆவணியில் அங்கே ஆறு ஓடாது, மடு மடுவாகத் தேங்கி நிற்கும்.

அந்த மடுதான் என் பயம். ஆவணியில் மீன், ஆமை, முதலை எல்லாம் அந்த மிச்சத் தண்ணீருக்குள்தான். மான், மரை, பன்றி, யானை எல்லாம் குடிக்க வருவதும் அங்கேதான். அந்த நேரத்தில் ஆயிரம் பேரைக் கொண்டு போய் மடுவுக்குப் பக்கத்தில் இறக்கி, ஸ்பீக்கர் கட்டி, இரவு பதினொரு மணி வரை பாட்டுப் போட்டால் அன்றைக்கு அந்த உயிர்களுக்குத் தண்ணீர் இல்லை. யானை பொறுத்துக்கொண்டு நிற்கும், ஆட்கள் கலைந்து வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்து வரும். எங்கள் பக்கம் ஒரு விளையாட்டு விழா முடிந்து மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பேர் யானைக்கு முன்னால் போய் நின்று, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினார்கள்.

ஆகவே நான் சொல்வது: மாதத்தை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். பகலில் தொடங்கிப் பின்னேரம் நாலரைக்கு முடியுங்கள், ஐந்தரைக்குக் கரையில் ஒருவரும் நிற்கக் கூடாது. லைற் வேண்டாம், ஜெனரேற்றர் வேண்டாம். நீச்சல் போட்டி என்று யாராவது கேட்டால் முதலை இருக்கிறது என்று ஒரே சொல்லில் முடியுங்கள். ஆற்றுக்குள்ளே இறங்காமல் மேட்டுக் கரையில், மரம் இல்லாத வெளியில் வையுங்கள். சாப்பாட்டு மிச்சம், உப்பு, பழத்தோல் ஒன்றையும் விட்டுவிட்டு வர வேண்டாம், அந்த மணத்துக்கு யானை மூன்று இரவு தொடர்ந்து வரும், பக்கத்து வீட்டுக்காரர்தான் அனுபவிப்பார்கள்.

தகரப் பந்தலும் போடாதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. சோளகக் காற்று எடுத்து வீசினால் ஆற்று வெளியில் தகரம் கத்தி மாதிரிப் பறக்கும். கிடுகுக் கொட்டில் தாழ்வாகப் போட்டு நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினால் போதும்.

கூழ்ப்பானை எழுதியது:

நான் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் இருக்கிறேன். வயது ஐம்பத்தாறு. அருவியாற்றுத் தம்பி சொன்னதை வாசித்ததும் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஆவணியை விட்டுவிட்டு ஆடிப்பிறப்பை ஒட்டிச் செய்யுங்களேன். ஆடி முதலாம் நாள் எப்படியும் எல்லா வீட்டிலும் கூழும் கொழுக்கட்டையும்தான். அதற்கு அடுத்த சனிக்கிழமை எல்லா வீட்டுக் கூழையும் ஆற்றங்கரையில் ஒரே கிடாரத்தில் காய்ச்சினால் என்ன? அரிசிமாவை, பனங்கட்டியை, பயறை வீட்டுக்கு வீடு சேர்க்கலாம், செலவே இல்லை. அந்த நேரம் பாலைப்பழமும் வரும். நுங்கும் கிடைக்கும். எருமைத் தயிர் வைத்திருக்கிறவர்கள் முட்டியோடு கொண்டு வருவார்கள். வன்னியில் அந்த மாதத்துக்குள் இருக்கிற சாப்பாட்டையே விற்றால் வெளியூர்க் கடைக்காரருக்கு இடம் வாடகைக்குக் கொடுத்து ஐஸ்கிரீம் கப் பொறுக்க வேண்டிய தேவை வராது.

கூழ் எதில் கொடுப்பது என்று கேட்பீர்கள். பிளாவில்தான். எங்கள் அம்மா காலத்தில் கோயில் கஞ்சி எல்லாம் பிளாவில்தான் குடித்தோம். பனங்குருத்தோலை ஒன்றை எடுத்து ஈர்க்கை நீக்கி, நடுவில் குழி விழுகிற மாதிரி மடித்து, நுனி இரண்டையும் சேர்த்து ஓலை நாரால் ஒரு கட்டு. கட்டு இறுகாவிட்டால் கூழ் முழங்கை வழியே வடியும், இறுகினால் ஒரு சொட்டும் போகாது. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆகவே விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் ஆச்சிமாரை இருத்தி நாற்பது பிள்ளைகளுக்குப் பிளாக் கட்டப் பழக்குங்கள், அதுவே விழாவில் பாதி. சோறு கொடுப்பதென்றால் தாமரை இலை, குளத்தில் நிறைய இருக்கிறது, அன்று காலையில் பறித்தால் வாடாது. சாப்பிட்டு முடிந்ததும் எல்லாம் மாட்டுக்கும் எருக்கிடங்குக்கும் போகும். சோறு சுற்றுகிற லஞ்ச் சீற் 2017 புரட்டாதி முதல் தடை, பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, ஸ்ரோ 2023 ஐப்பசி முதல் தடை, ஆனாலும் கடையில் மறைவாக வாங்கி வருவார்கள். வாசலில் இரண்டு பெண்பிள்ளைகளை நிறுத்தி, ஷொப்பிங் பையோடு வருகிறவரிடம் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஓலைப் பெட்டி கொடுத்து அனுப்புங்கள். போகும்போது பெட்டியைத் தந்துவிட்டுப் பையை எடுத்துப் போகட்டும். சண்டை வராது, பெண்பிள்ளைகள் கேட்டால் எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள்.

காசு விஷயம். ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு சங்கம் குளக்கட்டுக் கோயிலுக்கு என்று விழா வைத்துக் காசு சேர்த்தது. ஒருவரும் களவெடுக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் கணக்கு எழுதின கொப்பி ஒருவர் வீட்டில், காசு இன்னொருவர் வீட்டில், பற்றுச்சீட்டு யாரிடமும் இல்லை. மூன்று மாதத்தில் கதை கிளம்பி, ஆறு மாதத்தில் சங்கமே உடைந்தது. இரண்டு குடும்பம் இன்றுவரை கதைப்பதில்லை. நீங்கள் அன்று பின்னேரமே, ஆட்கள் கலைவதற்கு முன் விழா இடத்திலேயே, எல்லோருக்கும் முன்னால் எண்ணுங்கள். எண்ணினவர் மூன்று பேர் கையெழுத்து வைத்து, திங்கட்கிழமை வங்கியில் போட்டு, அந்தச் சிட்டையையும் செலவுக் கணக்கையும் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். பனங்கட்டி வாங்கின காசு முதல் எழுதுங்கள். ஒட்டின கணக்கைப் பார்த்தால்தான் அடுத்த வருடம் கேட்கிற வாய் உங்களுக்கு இருக்கும்.

தொரன்ரோ அண்ணை எழுதியது:

தம்பி மருதடியான், வாசிக்கும்போதே கண் கலங்குகிறது. எங்கள் வீடும் அந்த ஆற்றுப் பக்கம்தான் இருந்தது, எந்த வளைவு என்று எனக்கு விளங்குகிறது. நானும் இங்கே இருக்கிற நாலைந்து பேரும் சேர்ந்தால் அடைப்பு, தண்ணீர், ஆள் எல்லாவற்றுக்கும் மூன்று வருடத்துக்கான காசை இந்த மாதமே அனுப்ப முடியும். நீங்கள் வெயிலில் நின்று கூழ் விற்றுக் கஷ்டப்பட வேண்டாம். விழா வைக்கிறதென்றால் நல்ல இசைக்குழு ஒன்றைப் பிடித்துப் பெரிதாகச் செய்யுங்கள், அதற்கும் நாங்கள் தருகிறோம். சனம் சந்தோசமாக இருக்கட்டும், எவ்வளவு பட்டுவிட்டார்கள்.

மருதடியான் எழுதியது:

அண்ணை, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் இதை நாங்கள் நேற்று இரவு மருதடியில் இருந்து நிறையக் கதைத்தோம், என் பதிலை நேரே சொல்கிறேன், குறை நினைக்கக் கூடாது.

முழுக் காசும் அங்கிருந்து வந்தால் கன்று நடப்படும், அடைப்பும் வரும். ஆனால் ஊருக்குள் அது ‘வெளிநாட்டுக் காசில் நட்ட மரம்’ ஆகிவிடும். ஒருவர் வீட்டு ஆடு போய்க் கடித்தால் அவர் ‘அதைப் பார்க்கத்தானே ஆளுக்குக் காசு கொடுக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு இருப்பார். அதே மனிசர் ஒரு கொத்து அரிசி கொடுத்து, ஒரு பிளாக் கூழ் காசு கொடுத்துக் குடித்து, தன் பிள்ளையைக் கொண்டு கன்று நட்டவராக இருந்தால் ஆட்டைக் கட்டுவார். வாத்தியார் சேர் சொன்ன ஆச்சி மாதிரி வேலிக்கு வேலி ஒரு ஆள் வேண்டும் எங்களுக்கு. அதைக் காசு கொடுத்து எடுக்க முடியாது என்றுதான் நினைக்கிறோம்.

இப்படிச் செய்யலாமா? ஊர் சேர்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் நீங்கள் ஒரு ரூபாய். ஊர் குறைவாகச் சேர்த்தால் நீங்களும் குறைவாக. உங்கள் பங்கு இரண்டாம், மூன்றாம் கோடைத் தண்ணீருக்கு என்று வங்கியில் தனியாகக் கிடக்கட்டும், நீங்கள் கேட்கிற நேரம் கணக்குக் காட்டுகிறோம். இசைக்குழுவை விட்டுவிட்டோம், எங்கள் பெடியன்கள் சிலருக்குக் கவலைதான், ஆனால் விசாரித்துப் பார்த்ததில் குழுவுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுக்கிற காசு நாங்கள் கூழில் எடுக்க நினைத்ததைவிடக் கூட. அதற்குப் பதிலாக ஊரில் காத்தவராயன் கூத்து ஆடின அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார், உடுக்கோடு ஒரு மணித்தியாலம் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மைக் வேண்டாமாம்.

ஆவணியை விட்டு ஆடிப்பிறப்புக்கு அடுத்த சனிக்கிழமை என்றும் முடிவாகிவிட்டது. கூழ்ப்பானை அம்மாவுக்கு நன்றி.

தொரன்ரோ அண்ணை எழுதியது:

விளங்குது தம்பி. ரூபாய்க்கு ரூபாய், சம்மதம். ஒன்று மட்டும் கேட்கிறேன், கன்று நடுகிற அன்று ஒரு கன்றை என் அம்மாவின் பேரில் நட வேண்டும். பலகை வேண்டாம். எது என்று எனக்கு ஒரு படம் போதும்.

கச்சேரிப் பக்கம் எழுதியது:

பிரதேச செயலகத்தில் வேலை செய்து இளைப்பாறினவன் என்ற முறையில் அனுமதி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஆற்றங்கரை ஒதுக்கு நிலம் அரச காணி, ஒருவர் வீட்டுக் காணிக்கு முன்னால் இருந்தாலும் அப்படித்தான். ஆகவே முதலில் கிராம அலுவலரைக் கண்டு, அவர் மூலம் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம். இரண்டு மாதத்துக்கு முன் கொடுங்கள். கடிதத்தில் விழாவை மட்டும் எழுதாமல் கார்த்திகையில் நடப் போவதையும் எந்த இடத்தில் எத்தனை கன்று என்பதையும் எழுதுங்கள். நட்ட பிறகு ‘இது எங்கள் நிலம், யாரைக் கேட்டு நட்டீர்கள்’ என்று ஒரு திணைக்களம் வந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தத் துண்டு காட்டோடு சேர்ந்ததா, குளத்து நீர்ப்பரப்புக்குள் வருகிறதா என்று கேளுங்கள், அதைப் பொறுத்து வனவளத் திணைக்களத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ பிரதி போக வேண்டும். சாப்பாட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நுழைவுச் சீட்டு விற்றால் கேளிக்கை வரி என்று பிரதேச சபை வரும், உண்டியல் வைத்தால் அந்தத் தலையிடி குறையும். அதிர்ஷ்டலாபச் சீட்டு அடிக்க வேண்டாம், அதற்குத் தனி அனுமதி. ஏலம் விடுங்கள், கோயிலில் விடுகிற மாதிரி. ஒரு வாழைக்குலை, ஒரு தேன் போத்தல், ஒரு நாட்டுக்கோழிச் சேவல் போதும், எங்கள் ஆட்கள் ஏலம் என்றால் விடமாட்டார்கள்.

இன்னொன்று, இதை மறக்க வேண்டாம். நீங்கள் தேர்ந்த துண்டும் அதற்குப் போகிற பாதையும் மிதிவெடி அகற்றி ஒப்படைத்த இடம்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெள்ளம் வந்த கரையில் மண் இடம் மாறியிருக்கும். பிள்ளைகள் காய் பொறுக்கவும் குழி தோண்டவும் போகிற இடம்.

சின்னக்குருவி எழுதியது:

நான் உயர்தரம் படிக்கிறேன், முல்லைத்தீவு. எங்களை மாதிரி ஆட்களுக்கும் வேலை கொடுங்கள் அண்ணா. விழா அன்று காலை ஆறு மணிக்கு, சனம் வருவதற்கு முன், ஒரு ஆற்று நடை வையுங்கள். பத்துப் பத்துப் பேராக, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு. எந்தப் பறவை, எந்த மரம், எந்தத் தடம் என்று கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்த வருடம் அதே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் ஆறு இரணைமடுவைத் தாண்டிக் கடைசியில் சுண்டிக்குளத்துக்குத்தான் போகிறது, அது 1938 முதல் பறவைகள் சரணாலயம், 2015 இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். உங்கள் வளைவில் போட்ட மருந்துப் போத்தல் எங்கே போய் முடியும் என்று அந்த ஒரு கதையைச் சொன்னாலே சின்னப் பிள்ளைகளுக்கு விளங்கும். நாங்கள் நாலு பேர் பேருந்தில் வருவோம், யாராவது வீட்டில் முதல் நாள் இரவு தங்க இடம் கொடுத்தால் சரி.

ஒரு ட்ரக்டர்காரன் எழுதியது:

இதில் எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். நானும் மணல் ஏற்றினவன். உங்கள் ஆற்றில் இல்லை, பேராற்றில். மீள்குடியேறி வந்த நேரம் வீடு கட்ட எல்லோருக்கும் மணல் வேண்டும், எனக்கு லீசிங் கட்ட வேண்டும், இரவு இரண்டு லோட் போட்டால் அந்தக் கிழமை ஓடும். அனுமதிப்பத்திரம் ஒன்று, ஓடுவது அஞ்சு.

ஆற்று மணல் என்றால் சும்மா மண் என்றுதான் நினைத்திருந்தேன். அது தண்ணீர்த் தொட்டி. மாரியில் வருகிற தண்ணீரை மணல் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் பக்கத்துக் கிணறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நாங்கள் அள்ளின இடத்தில் மணல் போய்க் களி தெரிந்தது. இரண்டாம் வருடம் ஆனியில் கரையோரக் கிணறுகள் இறங்கத் தொடங்கின. என் மாமியாரின் கிணறு பதினெட்டு அடி, ஒருநாளும் வற்றாதது, ஒரு ஆடி மாதம் வாளி அடியில் முட்டி ‘டங்’ என்று சத்தம் கேட்டது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு என் ட்ரக்டரைப் பார்த்தா. அந்தப் பார்வைக்குப் பிறகு நான் ஆற்றுக்குள் இறங்கவில்லை.

உங்கள் விழாவுக்கு என்னால் காசு பெரிதாகத் தர முடியாது. ட்ரக்டர் இருக்கிறது, தண்ணீர் பவுசர் இருக்கிறது. கன்று நட்ட பிறகு மாசி கடைசியில் இருந்து புரட்டாதி வரை கிழமைக்கு ஒரு தடவை வந்து தண்ணீர் ஊற்றித் தருகிறேன், டீசல் காசு மட்டும் பொறுங்கள், அதுவும் முதல் வருடம் வேண்டாம். ஒரு யோசனையும் சொல்கிறேன். விழாவுக்கு மணல் ஏற்றுகிற பெடியன்களையும் கூப்பிடுங்கள். கூப்பிட்டுத் திட்ட வேண்டாம். அவர்களுக்கும் வீட்டில் கிணறு இருக்கிறது. கரையில் நின்ற மரம் எது, கிணறு எது, மணல் போன இடம் எது என்று நடந்து காட்டினால் போதும். எனக்கு ஒருவரும் காட்டவில்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

ட்ரக்டர்த் தம்பி, நீர் எழுதினது பெரிய விஷயம். மருதடியான், அந்த ஆற்று நடையில் இவரையே முன்னால் விடும். படிப்பித்த நான் சொன்னால் பாடம், இவர் சொன்னால் நடந்தது.

பவுசர் வருகிறதென்றால் ஒரு வழி சொல்கிறேன், தண்ணீர் வீணாகாது. ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் கழுத்து வெளியே தெரிய ஒரு மண்முட்டியைப் புதையுங்கள். அடியில் ஊசித் துளை ஒன்று போட்டு அதில் பழந்துணித் திரி செருகுங்கள். முட்டியை நிரப்பி வாயைச் சிரட்டையால் மூடினால் கிழமைக்கு ஒரு தடவை நிரப்பினாலே வேரடி ஈரம் காயாது. மேலே ஊற்றுகிற தண்ணீரை வெயில் குடிக்கும், முட்டித் தண்ணீரை வேர் குடிக்கும். தயிர் விற்று முடிந்த முட்டிகளை விழா அன்றே வாங்கி வையுங்கள், வெடித்த முட்டியை மட்டும் எடுக்காதீர்கள்.

மருதடியான் எழுதியது:

எல்லோருக்கும் பதில் எழுத நேரம் போதவில்லை, மன்னிக்க வேண்டும். நேற்று கிராம அலுவலரிடம் கடிதம் கொடுத்துவிட்டோம். அறுபது கன்றுதான், முதலில் நினைத்த முந்நூறு இல்லை. வளைவுக்கு நேரே பன்னிரண்டு வீடு இருக்கிறது, வீட்டுக்கு ஐந்து கன்று, பெயர் எழுதிக்கொண்டோம், ஒருவரும் மறுக்கவில்லை. சின்னக்குருவி, தங்க எங்கள் பெரியம்மா வீடு இருக்கிறது, வாருங்கள் தங்கச்சி. ட்ரக்டர் அண்ணை, உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தனிமடலில் அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம்.

ஒரு உதவி மட்டும் இன்னும் தேவை. எங்கள் ஊரில் பெரிய கிடாரம் இல்லை, கோயில் கிடாரம் ஓட்டை.

கூழ்ப்பானை எழுதியது:

எங்கள் சங்கத்தில் இரண்டு இருக்கிறது தம்பி, பெரியதில் முந்நூறு பேருக்குக் காய்ச்சலாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் லான்ட் மாஸ்டரோடு ஆளை அனுப்புங்கள், அகப்பையும் சேர்த்துத் தருகிறேன். அடிப்பிடிக்காமல் கிண்டத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் நானும் அதிலேயே ஏறி வருகிறேன்.